இரு மருந்தும் இடைவேளையும்

மருந்தை வாங்குவதில் நாம் காட்டும் ஊக்கத்தை அதனை உண்ணும் முறையை அறிவதில் காட்டுவதில்லை. இக்குறையால் நம் இல்லங்களில் விளையும் தீங்குக்கு ஓர் உதாரணத்தை ஈண்டு எடுத்துரைப்போம்.

இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் மிகுந்தால் இருதய நாளங்கள் அடைபட ஏதுவாகும். அதனைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளுக்கு, 1973-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஒரு பூசணத்தினின்று கண்டெடுத்த பொருளே வழிகாட்டிற்று. ஈரலில் கொலஸ்டிரால் உண்டாவதைத் தடுத்தலே இவற்றின் தொழில். இவற்றை உண்போர் பலர், வயிறு எரிந்தவுடன், கடையில் தாமே வாங்கிய அமில முறிப்பு மருந்தையும் உடன் உண்கின்றனர். இதனால் வரும் கேடு யாது?

அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடுகள் அடங்கிய அமில முறிப்பு மருந்தோடு ரோசுவாஸ்டாட்டினை ஒருங்கே உண்டால், இரத்தத்திற் சேரும் ரோசுவாஸ்டாட்டினின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. அமில முறிப்பு மருந்தை 2 மணி நேரம் கழித்து உண்டால் இக்குறை தணிகின்றது. அடார்வாஸ்டாட்டினோ அத்தகையதன்று, அதன் அளவு ஏறத்தாழ 35 விழுக்காடு குறையினும், கொழுப்பைக் குறைக்கும் ஆற்றல் குன்றுவதில்லை. ஆதலின் எல்லா ஸ்டாட்டினுக்கும் ஒரே விதி கூறுதல் தவறு.

இதனால் உயிர் போய்விடுமோ என்று சிலர் நகைக்கலாம். உடனே தீங்கு தோன்றாமையே இதன் அபாயம். சோதனையில் கொழுப்புக் குறையாமை கண்ட வைத்தியர், மருந்து போதவில்லையென்று எண்ணி அளவை உயர்த்தக்கூடும். பின்னர் நோயாளி அமில முறிப்பு மருந்தை நிறுத்துவாராயின், உயர்த்திய அளவின் வேகம் முழுதும் அவர் உடலைத் தாக்கும்.

நோயாளியை மட்டும் பழித்தல் நியாயமன்று. சீட்டின்றிக் கிடைப்பதை அவர் மருந்தென்றே கருதுவதில்லை; ஆகவே வைத்தியரிடம் சொல்வதுமில்லை. மருந்துப் பெட்டியிலுள்ள அறிவிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடியெழுத்தில் அமைந்தது. மருந்து விற்போர், வேறு என்ன மருந்து உண்கின்றீர் என்று வினவுவதும், உண்ணவேண்டிய இடைவேளையைத் தமிழில் உறைமீது எழுதிக் கொடுப்பதும் கடமையாக்கப்படவேண்டும் என்பதே நம் கருத்து.

மாணவ நண்பர்களுக்கும் இதில் பணியுண்டு. விடுமுறையில் இல்லம் சென்றதும், பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் உண்ணும் மருந்துகளை, சீட்டின்றி வாங்கியவை உட்பட, ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டச் செய்க. எம்மருந்தையும் அவர் சொல்லின்றி நிறுத்தவேண்டா. கற்ற கல்வி பிறர்க்குப் பயன்படுதலே சிறப்பு. அப்பயன் நம் வீட்டு மருந்துப் பெட்டியினின்றே தொடங்குக.