பெரியப்பாவின் 2.8

லேப் ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் தடி எழுத்தில் அச்சாகியிருந்தால் போதும், வீட்டில் இழவு விழுந்த களை வந்துவிடும். அந்த ரிப்போர்ட்டை ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாங்கி வருகிற பாவப்பட்ட ஜீவன் அநேகமாக நீங்கள்தான். ஆகவே கவனியுங்கள்.

என் பெரியப்பாவுக்கு இதயத்தில் மிட்ரல் வால்வு மாற்றி, மெக்கானிக்கல் வால்வு வைத்திருக்கிறார்கள். தினம் வார்ஃபரின் மாத்திரை. மாசத்துக்கு ஒரு பி.டி. - ஐ.என்.ஆர். டெஸ்ட். போன மாதம் அவர் நம்பர் 2.8. பக்கத்திலேயே, 'நார்மல்: 0.8 - 1.2'.

''ஏண்டா, ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சே! மாத்திரையை நிறுத்திடறேன்.''

''நிறுத்தினா வால்வுல ரத்தம் கட்டிக்கும் பெரியப்பா. அது பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம்!''

அந்த 'நார்மல்', மாத்திரை சாப்பிடாத ஆசாமிகளுக்கு. பெரியப்பா மாதிரி வால்வுக்காரர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக வைக்கிற இலக்கு 2.5 முதல் 3.5. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு 1.1 வந்தால்தான் ஆபத்து. அப்போது கம்ப்யூட்டர் சமர்த்தாகச் சாதா எழுத்தில் அடித்துத் தரும்!

டெஸ்ட் ஒன்றும் பிரமாதமில்லை. நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். உள்ளே இருக்கிற சிட்ரேட், ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உறையாது. (குறி வரை ரத்தம் நிரம்ப வேண்டும். குறைந்தால் நம்பர் பொய்யாக ஏறும். ஊசியைப் பார்க்கப் பயமென்றால் குழாயையாவது பாருங்கள்.) குழாயைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, 37 டிகிரி சூட்டில் த்ராம்போபிளாஸ்டினும் கால்சியமும் விட்டு, உறைய எத்தனை விநாடி என்று எண்ணுவார்கள். சாதாரணமாக 11 முதல் 13. பெரியப்பாவுக்கு 28.

1935-ல் இதைக் கண்டுபிடித்தவர் ஆர்மண்ட் குயிக் என்ற அமெரிக்கர். பொருத்தமான பெயர்தான். ஆனால் ஒரு சிக்கல். கம்பெனிக்குக் கம்பெனி த்ராம்போபிளாஸ்டினின் வீரியம் வேறு. ஒரே ரத்தம் ஒரு லேபில் 28 விநாடி காட்டும், இன்னொன்றில் 34. நான் பி.காம். என்பதால் எனக்கு இது அந்நியச் செலாவணியாகத்தான் புரிந்தது. நூறு யென்னும் நூறு டாலரும் ஒன்றா? ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு மாற்று விகிதம் வைத்து, எல்லா லேபுக்கும் பொதுவான கரன்ஸியாக ஐ.என்.ஆரை 1983-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்தது. அந்த 28, இந்த 34, இரண்டையும் கணக்குப் போட்டால் அதே 2.8 வரும். விநாடியை விட்டுவிட்டு ஐ.என்.ஆரைப் பாருங்கள்.

பெரியம்மா இதற்கிடையே முருங்கைக்கீரையை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தாள். கீரையில் இருக்கிற வைட்டமின் 'கே' நம்பரை இறக்கும், வாஸ்தவம். அதற்காகத் தடா போட வேண்டாம். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு போதும் என்றார் டாக்டர். திடீரென்று கட்டுக்கட்டாகத் தின்பதும், திடீரென்று நிறுத்துவதும்தான் வம்பு. ஜுரம், மூட்டுவலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது அதைவிட வம்பு. பல ஆன்ட்டிபயாட்டிக்குகள் நம்பரை எகிற வைக்கும். வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும்.

பெரியப்பா இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, மனுஷனுக்குக் கொடுத்தது 1954-லிருந்துதான் என்பதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.