கைப்பேசிப் பட்டுவாடாவும் வீட்டுப் பெண்டிரும்

கட்டுமாவடிச் சாலையோரத் தேநீர்க் கடையிலும் இன்று கியூ.ஆர். அட்டை தொங்குகின்றது. 2016-ம் ஆண்டில் யூ.பி.ஐ. முறை ஏற்பட்டபின் நம் சங்கங்களிலும் கூலி, கொள்முதல் விலை யாவும் கைப்பேசி வழியே பட்டுவாடா ஆகவேண்டும் என்ற பேச்சு எழுந்துள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் ரொக்கத்தை விடாத அங்கத்தினரை அறியாதவர் என்று இகழ்வது தகாது.

ரொக்கம் குற்றமற்றது என்று நாம் வாதிடவில்லை. 2016 நவம்பர் 8-ம் நாள் இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. ஆறு நாட்களில், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் அந்நோட்டுகளை வாங்கலாகாது என ரிசர்வ் வங்கி தடுத்தது. நம்மை நம்பியவர்கள் வேறு வங்கிகளின் வாசலில் வரிசையில் நின்றார்கள். ஆனால் 2018 நவம்பர் 16-ம் நாள் கஜா புயல் நம் கரையோரத்துத் தென்னைகளையும் மின்கம்பங்களையும் ஒருங்கே சாய்த்தபோது, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அரிசியும் மெழுகுவத்தியும் வாங்க உதவியது முந்தானையில் முடிந்திருந்த காசே.

இவற்றினும் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கின்றது. தறியில் அமர்பவர் ஒருவர். தார் சுற்றிக் கொடுப்பவரும் பாவு பிணைப்பவரும் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்டிர். பேரேட்டில் இருப்பதோ ஒரே பெயர். கூலி ரொக்கமாக வந்தால், குடும்பச் செலவுக்குரிய பங்கு சங்க வாசலிலேயே கைமாறிவிடும். கைப்பேசிக்கு வந்த கூலி அதை வைத்திருப்பவரிடமே தங்கிவிடுகின்றது. சில வீடுகளில் கணக்கு தாயாருடையது, அதில் பதிந்த எண் மகனுடையது, மகனோ சிங்கப்பூரில். தாயாரின் பணம் வந்த செய்தி அவனுக்குத்தான் போகும்! பொத்தான் கைப்பேசிக்கும் 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வழி திறந்தது உண்மை. அதற்கும் கணக்கில் பதிந்த எண் தம் கையில் இருந்தாலன்றோ பயன்?

சொற்பொழிவுகளால் இது தீராது. போனஸ் பட்டுவாடாவுக்கு முன் காரியதரிசி ஒரு பிற்பகல் அமர்ந்து, ஒவ்வொருவர் பாஸ் புத்தகத்தையும் பார்த்து, எண் யாருடையது என்று கேட்டெழுதட்டும். மாற்றவேண்டியவர்களை வங்கிக்கு அழைத்துச் செல்ல ஓர் ஆளை அனுப்பட்டும். தார் சுற்றும் பெண்டிர் பங்கை அவர்தம் கணக்குக்கே பிரித்தனுப்ப, அங்கத்தினர் எழுத்துமூலம் சம்மதம் தரலாம். அது முடியும்வரை ரொக்க ஜன்னலை மூடலாகாது என்பதை வரும் மகாசபையில் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டுகின்றோம். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும்; இருவரில் ஒருவரேனும் தார் சுற்றும் பெண்மணியாயிருத்தல் நலம்.