மீட்சி ஓர் இலக்கணமாகுமா?

பழைய நிலைக்குத் திரும்புவது பௌதிக மாற்றம், திரும்பாதது இரசாயன மாற்றம் என்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கும் சூத்திரம், பரீட்சையில் மதிப்பெண் பெற்றுத் தருவதன்றி வேறு பிரயோஜனம் அற்றது என்பதோடு, உலோகங்களின் நடத்தையைச் சற்றே கவனித்தவர் எவரும் ஏற்க இயலாத அசத்தியமுமாகும்.

இரும்பை அரத்தால் ராவிய பொடி மீண்டும் தானாகத் துண்டாவதில்லை. அதனால் அதை இரசாயன மாற்றம் என்பார் உண்டோ? பாதரசத்தையோ, காற்றுப்பட அதன் கொதிநிலையை ஒட்டிப் பல நாள் காய்ச்சினால் செந்நிறப் பொடி தோன்றுகிறது. அப்பொடியை இன்னும் உக்கிரமாகச் சூடேற்றினால், கவர்ந்த பிராணவாயுவை விட்டுவிட்டுப் பாதரசம் பழையபடி மினுங்குகிறது. 1774-இல் பிரீஸ்ட்லி அப்பொடியின்மீது கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்து வாயுவைப் பிரித்ததும், பின்னர் லவாய்சியர் அம்மாற்றத்தை இரு திசையிலும் நடத்திக் காட்டியதும் நவீன இரசாயன சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமாயின. நம் சூத்திரமோ அதனை இரசாயனமே அன்று என்று தள்ளிவிடுகிறது!

தங்கத்தின் கதை இன்னும் சுவையானது. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுள் நுழைந்தபோது, நீல்ஸ் போரின் ஆராய்ச்சி நிலையத்தில், ஜெர்மானிய விஞ்ஞானிகளான லௌவே, ஃபிராங்க் இருவரும் ஒப்படைத்திருந்த நோபல் பதக்கங்கள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அந்நாளில் கடுங்குற்றமாதலின், ஹெவெஷி என்னும் இரசாயன அறிஞர் அவ்விரண்டையும் இராஜத் திராவகத்தில் இட்டுக் கரைத்து, அத்திரவத்தை அலமாரியிலேயே விட்டுவைத்தார். படையினர் கண்ணில் அது படவில்லை. யுத்தம் முடிந்தபின் தங்கம் மீட்கப்பெற்று, மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது. தங்கம் திரும்பிவிட்டதே, ஆகவே பௌதிக மாற்றந்தானே என்பார், அது எவ்வழியே திரும்பியது என்று கேட்பதில்லை. உப்புநீரை வற்றச் செய்தால் உப்பு எஞ்சும். அத்திரவத்தை வற்றச் செய்தாலோ எஞ்சுவது தங்கமன்று, குளோரினோடு பிணைந்த வேறொரு பதார்த்தம். அதிலிருந்து தங்கத்தைப் பெற, இழந்த எலெக்ட்ரான்களை அதற்குத் திரும்பக் கொடுக்கும் இன்னொரு இரசாயன வினையே வேண்டும். ஆகவே கேட்கத்தக்கது, மீண்டதா என்பதன்று. இடையில் இருந்த பொருள் எது என்பதே.

வற்றச் செய்து பார்க்கும் இச்சோதனையும் எங்கும் செல்லுபடியாகும் என்று நான் வாதிடவில்லை. சோடியத்தைத் திரவ அம்மோனியாவில் இட்டால் ஆழ்ந்த நீல நிறம் பரவுகிறது. அம்மோனியா ஆவியாகிப் போனால் சோடியமே எஞ்சுகிறது. ஆயினும் கரைந்திருந்த வேளையில் சோடிய அணு தன் எலெக்ட்ரானைப் பறிகொடுத்தே இருந்தது, அந்த எலெக்ட்ரான்களே நீலத்துக்குக் காரணம். பௌதிகம், இரசாயனம் என்று பலகையில் இரண்டு பத்தி வரையும் உபாத்தியாயர்கள், இதனை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?