ஓடி ஓய்ந்த வண்டிகள்

“ஏட்டுச் சுவடிகளைக் கறையான் அரிக்கும் நாட்டில் இருந்துகொண்டு, எங்கோ ஓடிய பழைய இரயிற் பெட்டிக்காக இரங்குகிறீரே!” என்று என் நண்பரொருவர் எள்ளினார். அவர் தமிழாசிரியர், சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்தவர். இலண்டனில் வாழும் மகளிடம் சென்று திரும்பிய நான், அந்நகரின் மேற்குப் புறத்தில் ஆக்டன் என்னுமிடத்திலுள்ள போக்குவரத்து நூதனசாலையின் களஞ்சியத்தைப் பற்றி அவரிடம் சற்று மிகுதியாகவே பேசிவிட்டேன் போலும். அன்று அவருக்கு நான் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையை அவ்விடையாகக் கொள்க.

எங்கள் நாட்டில் நிலக்கீழ் இரயில் கிடையாது. ஆதலின் முதலிற் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். உலகின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதம் 1863ஆம் ஆண்டு சனவரி 10ஆம் திகதி இலண்டனிற் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. அதனை இழுத்தது நீராவி இயந்திரம், சுரங்கமெங்கும் கரிப்புகை. 1890இல் ஆழ்நிலச் சுரங்கத்தில் மின்சார வண்டி ஓடலாயிற்று. சுரங்கத்திற் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிய அமைப்பாளர், கூரையோரமாகச் சிறு துவாரங்களையே யன்னல்களாக வைத்தனர். அப்பெட்டிகளைச் சித்தம் கலங்கியோரை அடைத்துவைக்கும் மெத்தைச் சுவரறைகளுக்கு ஒப்பிட்டு மக்கள் நகைத்தனர். வெளியே எதுவும் தெரியாமையால், நிலையங்களின் பெயரை ஊழியர் உரத்துக் கூவ வேண்டியிருந்தது. அப்பெட்டிகளுள் ஒன்று இன்றும் இலண்டன் நூதனசாலையில் இருக்கிறது. முதற் பார்வையில் அது வெறும் மரப்பெட்டி. சற்று நின்று நோக்கினால், சாதாரண மனிதனுக்குக் கண் எதற்கு என்று கருதிய ஒரு காலத்தின் மனப்பாங்கு அதில் எழுதப்பட்டிருக்கக் காண்போம்.

ஆக்டனில் என் உள்ளத்தைக் கவர்ந்தது இன்னொரு வண்டி. 1938ஆம் ஆண்டு வகை என்று அதனை அழைக்கின்றனர். அதற்கு முந்திய வண்டிகளில் மின்சாரக் கருவிகள் சாரதியின் அறைக்குப் பின்னால் மோட்டார்ப் பெட்டியின் கணிசமான பகுதியை அடைத்துக்கொண்டன. கிராப்-பேக்கர் என்னும் பொறியியலாளரின் தலைமையில் அக்கருவிகள் யாவும் தளத்தின் கீழே இறக்கப்பட்டன. பெட்டியின் இடம் பிரயாணிகளுக்குக் கிடைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இவ்வகையிற் செய்யப்பட்டன. செந்நிற வெளிப்புறம், வரிவரியாக மரச்சட்டம் பதித்த தளம், பூவேலைத் துணி போர்த்த ஆசனங்கள். அரசருக்காகச் செய்யப்பட்டதன்று அந்த வண்டி. தட்டச்சுப் பெண்ணுக்கும் கடைச் சிப்பந்திக்கும் செய்யப்பட்டது. ஆயினும் அதிலே அழகு குறையவில்லை.

இத்தகைய வண்டிகளைப் பாதுகாக்க வேண்டும் என்னும்போது, அவற்றை ஓய்வு பெறவிடலாகாது என்று நான் கூறுவதாகக் கொள்ளலாகாது. பழமைப் பற்றாளர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். 1987ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி கிங்ஸ் குரோஸ் நிலக்கீழ் நிலையத்தில் எரியும் தீக்குச்சி ஒன்று மரத்தாலான பழைய நகரும் படிக்கட்டின் அடியில் விழுந்தது. அங்கே பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் குப்பையிலும் தீப்பற்றி, 31 உயிர்களைக் குடித்தது. பழம்பொருள் உரிய காலத்தில் விலக்கப்படாவிடின் அதன் விலையைக் கொடுப்பவர் யாரென்பதை அந்நாள் காட்டிற்று. அவர்கள் நூதனசாலைக்குச் செல்லும் இரசிகர்கள் அல்லர். வேலை முடிந்து வீடு திரும்பும் மக்கள். இலண்டனின் பேக்கர்லூ பாதையில் 1972ஆம் ஆண்டு வகை வண்டிகள் அரை நூற்றாண்டு கடந்தும் உழைத்து வந்துள்ளன. அவற்றைப் பேணிய தொழிலாளரின் திறமையை வியக்கலாம். அவற்றை மாற்றப் பணம் ஒதுக்காத நிர்வாகத்தைப் புகழ்வதற்கில்லை. பிரயாணியின் சுமையை மரபுச் செல்வம் என்று பெயரிட்டு மறைப்பது அறமாகாது.

எனவே ஓய்வு வேண்டும். ஆனால் ஓய்வு வேறு, அழிவு வேறு. இவ்விரண்டுக்கும் இடையே என்ன செய்கிறோம் என்பதே வினா.

சில வேளைகளில் வறுமையே பழமையைக் காத்துவிடுகிறது. 1938 வகை வண்டிகள் 1988இல் இலண்டனின் நோர்த்தேர்ண் பாதையிலிருந்து விடைபெற்றன. ஆயினும் அவற்றுட் சில, இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைட் தீவுக்கு அனுப்பப்பட்டன. அத்தீவிலே ரைட் என்னும் ஊரின் சுரங்கப் பாதையில் வெள்ளத்தைத் தவிர்ப்பதற்காகத் தண்டவாளத் தளத்தை உயர்த்தியிருந்தார்கள். ஆதலால் வழக்கமான உயரமுடைய வண்டி அதனுள் நுழையாது; குறுகிய குழாய்ச் சுரங்கத்துக்கென்று செய்த இலண்டன் வண்டியே நுழையும். 1967 முதல் அங்கு ஓடியவையும் இலண்டன் கழித்த பழைய வண்டிகளே. அவற்றுக்குப் பின் 1989இல் வந்தவை 2021ஆம் ஆண்டு சனவரி வரை, கடற்காற்றின் உப்பில் நனைந்து நனைந்து ஓடின. அவற்றுக்குப் பதிலாக வந்தவையுங்கூட, 2017இல் இலண்டனின் டிஸ்ரிக்ற் பாதையில் ஓய்வுபெற்ற பெட்டிகளைக் கொண்டு புதுக்கியவையே! மூத்தவனின் சட்டையை இளையவன் அணிவது போன்றது இது. ஆனால் இதனைப் பாதுகாப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தேவை தீர்ந்த அன்றே அத்தகைய பாதுகாப்பும் தீர்ந்துவிடும்.

வேறு நகரங்கள் வேறு வழி கண்டன. நியூயோர்க் நகரம் 2001 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு காலத்தில் 2,500க்கு மேற்பட்ட பழைய நிலக்கீழ்ப் பெட்டிகளை அத்திலாந்திக் கடலில் இறக்கியது. ‘செம்பறவைகள்’ என்று மக்கள் செல்லமாக அழைத்த செந்நிற வண்டிகள் அவற்றுள் முதலில் மூழ்கியவை. அவற்றிற் கல்நார் இருந்தமையால் உடைத்து விற்பதும் செலவுமிக்கதாயிருந்தது. இன்று அவற்றினூடே மீன்கள் உலாவுகின்றன. இதனை நான் பழிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகளை எந்த நாடும் கூரைக்குக் கீழே வைத்திருக்க முடியாது. அந்நகரம் மாதிரிக்குச் சில பெட்டிகளையேனும் புரூக்ளினில், கைவிடப்பட்ட ஒரு நிலக்கீழ் நிலையத்திலேயே அமைந்த நூதனசாலையில் வைத்திருக்கிறது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

ஆயிரத்திற் சிலவே எஞ்சும் என்றால், எவற்றை வைத்திருப்பது? பொதுவாக முதலாவதையும் மிகச் சிறந்ததையும் தேர்ந்தெடுக்கின்றனர். மன்னர்களின் பெயரை மனனஞ் செய்து வரலாறு கற்றுவிட்டோம் என்று எண்ணும் மாணவனின் பிழை இதிலும் உண்டு. தோல்வியுற்றவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. 1983 வகை வண்டிகள் இலண்டனின் யூபிலி பாதையில் பதினைந்து ஆண்டுகள்கூட முழுமையாக ஓடவில்லை. அவற்றின் ஒற்றைக் கதவுகள் கூட்டம் ஏறி இறங்கப் போதாமற் போயின. மக்கள் தொகை குறையும் என்று எண்ணிச் செய்த வண்டிக்கு, மக்கள் பெருகியபோது நேர்ந்த கதி அது. அவற்றுட் சில, இன்று ஷோர்டிச் பகுதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் ஏற்றப்பட்டுக் கலைஞர்களின் வேலைக்கூடங்களாகியுள்ளன. தவறிய கணக்கைப் பார்த்துக் கற்கும் பாடம் சரியான கணக்கிற் கிடைப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

இனி, வைத்திருப்பது எவ்வாறு என்பது மற்றொரு வினா. அசையாமல் வைத்தால் பொருள் மாறாமல் இருக்கும். ஆனால் அதன் உயிர் போய்விடும். ஓட்டினால் உயிர் இருக்கும். ஆனால் தேய்ந்த பாகத்தை மாற்ற மாற்ற, பழையது சிறிது சிறிதாகப் புதியதாகிவிடும். இன்றைய கணினிவழிச் சமிக்ஞைக் கருவிகள் இல்லாத பழைய வண்டியை ஓட்டுவதற்குத் தனி ஏற்பாடும் வேண்டும். ஒரு வகையில் ஒன்றையேனும் மாற்றாமல் வைத்து, இன்னொன்றை ஓடவிடுவதே நேரிய வழியென்று நான் கருதுகிறேன். 2013இல், நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவின்போது, 1892இற் கட்டப்பட்ட 353ஆம் இலக்கப் பெட்டி புதுக்கப்பெற்று, நீராவி இயந்திரத்தின் பின்னால் அதே பழைய சுரங்கப் பாதையில் ஓடிற்று. ஒரு பக்கம் அச்சிட்ட வரலாறு சொல்ல இயலாததை அந்தப் புகையும் அதிர்வும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கும்.

ஆனால் ஆக்டனில் நான் கண்ட பெருஞ் செல்வம் வண்டியன்று. வண்டியருகே நின்ற ஒரு முதியவர். பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்றவர். இப்பொழுது கூலியின்றி வந்து வருவோருக்கு விளக்கஞ் சொல்கிறார். கடைசிப் பெட்டியிற் காவலர் நின்ற இடத்தையும், கதவுகளைத் திறந்து மூடும் பொத்தான்களையும் எனக்குக் காட்டினார். பொத்தானின் விளிம்பு விரல் பட்டுத் தேய்ந்திருந்தது. கதவு மூடும் காற்றொலியைக் கேட்டே எந்தக் குழாயிற் கசிவு என்று தம்மாற் சொல்ல முடியும் என்றார். அவ்வறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றும், தமக்குப் பின் அது யாரிடம் இருக்கும் என்று தெரியவில்லை என்றும் சிரித்தபடியே சொன்னார். அந்தச் சிரிப்பு என்னோடு கொழும்பு வரை வந்தது.

இலண்டன் நிலக்கீழ் இரயிலின் கடைசிக் காவலர் 2000ஆம் ஆண்டு சனவரியிற் பணி முடித்தார். ஒரு தொழில் அத்தோடு மறைந்தது. 1956 முதல் பார்படோஸ் தீவிலிருந்து ஆட்களை நேரடியாகத் திரட்டி வந்தது இலண்டன் போக்குவரத்து நிர்வாகம். கடல்கடந்து வந்த அம்மக்களின் உழைப்பும் இச்சுரங்கங்களில் உண்டு. 1940இற் குண்டுகள் விழுந்தபோது இந்நிலையங்களின் மேடைகளில் ஆயிரக்கணக்கானோர் உறங்கினர். அவர்களுக்கு உணவும் தேநீரும் இரயிலிலேயே சென்றன. இவையெல்லாம் இல்லாமற் பெட்டியை மாத்திரம் துலக்கி வைப்போமாயின், நாம் காப்பது இரும்பையே, வரலாற்றையன்று. ஒவ்வொரு வண்டிவகை ஓய்வுபெறும்போதும், அதனை ஓட்டியவர், பழுதுபார்த்தவர், கழுவித் துடைத்தவர் ஆகியோரின் வாய்மொழியையும் பதிவுசெய்து அதனருகிலேயே வைத்தல் வேண்டும். பெட்டிக்குக் கூரை தேடுவதற்கு முன்பே இது செய்யப்பட வேண்டும். ஏனெனில் இரும்பினும் விரைவாக மறைவது மனித நினைவு.

என் நண்பருக்கு இப்பொழுது விடை கூறலாம். சுவடிகளைத் தேடி அலைந்த காலத்தில், முழுதாகக் கிடைத்தும் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லாத வைத்திய ஏடுகளைக் கண்டு அவர் கண்கலங்கியதுண்டு. ஏடு இருந்தது, அதிலுள்ள மருந்தின் பக்குவம் அறிந்த பரியாரியார் போய்விட்டார். ஆக்டனிலுள்ள செந்நிற வண்டியும் அத்தகைய ஏடுதான். அதை வாசிக்கத் தெரிந்த கிழவர் இன்னும் இருக்கிறார். அவரிடம் பாடம் கேட்பதற்குச் சில இளைஞர்களை இன்றே அமர்த்திவிட வேண்டும் என்பதொன்றே என் வேண்டுகோள்.