சென்னையில் ஒரு ராத்திரி... எங்கே தங்குவது?

பள்ளிப்பட்டுக்காரர்களுக்குச் சென்னை ஒன்றும் எட்டாத ஊர் இல்லை. திருத்தணி வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். காலையில் கிளம்பி, வேலையை முடித்துக்கொண்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆனால், ‘காலை 9 மணிக்குள் தேர்வுக்கூடத்தில் இருக்க வேண்டும்’ என்று ஹால் டிக்கெட்டில் அச்சிட்டிருந்தால் கதையே மாறிவிடும். முதல் பஸ்ஸைப் பிடித்து, ரயில் மாறி, நகர நெரிசலில் ஆட்டோ தேடிப் போவதற்குள் எங்காவது ஓர் இடத்தில் தாமதமானாலும் போச்சு. டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளில் குறித்த நேரம் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருடப் படிப்பு கேட்டுக்கு வெளியே நின்றுவிடும்.

முந்தின நாளே போய்த் தங்குவதுதான் வழி. பல வீடுகளில் பேச்சு நின்றுபோவதும் இந்த இடத்தில்தான். ‘மெட்ராஸ்ல நமக்கு யாரு இருக்கா?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பெண்ணின் தேர்வும், பையனின் இன்டர்வியூவும் ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகின்றன. ஹோட்டல் என்றால் செலவு, லாட்ஜ் என்றால் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் காசு கொடுத்துத் தங்கும் டார்மிட்டரி அல்லது ஹாஸ்டல்.

இது நமக்குப் புதிதும் அல்ல. மதுரை ரயில் நிலையம் எதிரே மங்கம்மாள் சத்திரம், சென்னை சென்ட்ரல் எதிரே ராமசாமி முதலியார் சத்திரம் எல்லாம் வழிப்போக்கர்களுக்காக எழுந்தவைதான். வெளிநாட்டில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷிர்மான், 1909-ல் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனபோது புயல் மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். பிள்ளைகள் குறைந்த செலவில் தங்க ஊருக்கு ஊர் இடம் வேண்டும் என்று அன்று தோன்றிய யோசனை, 1912-ல் அல்டேனா கோட்டையில் விடுதியாக உருவானது. இன்று உலகம் முழுக்க இருக்கும் யூத் ஹாஸ்டல்களுக்கு அதுவே ஆரம்பம்.

முதலில் இடம், அப்புறம் வாடகை

எல்லோரும் செய்கிற தவறு, வாடகை குறைவான இடத்தை முதலில் தேடுவது. மறுநாள் காலை எங்கே போக வேண்டுமோ, அங்கிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். கிளாம்பாக்கம், கோயம்பேடு, மாதவரம் என்று சென்னையின் பெரிய பஸ் நிலையங்கள் ஒவ்வொன்றும் ஒரு மூலையில் இருக்கின்றன. ‘பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து பணம் கட்டிவிட்டு, அது எந்த பஸ் ஸ்டாண்டு என்று பிறகு தெரிந்து என்ன பயன்? கட்டிலில் 200 ரூபாய் மிச்சம் பிடித்து, ஆட்டோவுக்கு 400 ரூபாய் கொடுப்பது சிக்கனம் ஆகாது.

ரயில் நிலையத்திலேயே கட்டில்

சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களில் ஓய்வறைகளும் டார்மிட்டரிகளும் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். அதற்கு, உறுதியான டிக்கெட் அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும். திருத்தணியில் எடுக்கும் மின்சார ரயில் டிக்கெட்டில் பி.என்.ஆர். இருக்காது. நம் பக்கத்து ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். திருத்தணியில் நின்று போகும் சப்தகிரி போன்ற எக்ஸ்பிரஸ்ஸில் இருக்கை முன்பதிவு செய்துகொண்டால் அந்த எண் கிடைத்துவிடும். பெண்கள் தனியாகப் போவதாக இருந்தால், பெண்களுக்கென்று தனி டார்மிட்டரி காட்டுகிறதா என்று பார்த்து பதிவு செய்ய வேண்டும்.

பெண்கள் தனியாகப் போகும்போது

தமிழ்நாடு அரசின் ‘தோழி’ விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, வேலூர் உள்ளிட்ட இடங்களில் இயங்குகின்றன. பணிபுரியும் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டவை என்றாலும், சில நாள்கள் மட்டும் தங்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். அண்ணா நகர் போன்ற, கோச்சிங் சென்டர்கள் நிறைந்த பகுதிகளில் தனியார் மகளிர் ஹாஸ்டல்கள் பல உள்ளன. கட்டில் காலியாக இருந்தால் நாள் வாடகைக்குத் தருபவர்களும் உண்டு.

தனியார் ஹாஸ்டல் என்றால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: ‘லைசென்ஸ் இருக்கிறதா?’ பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் ரகசிய கேமராக்கள் சிக்கின. அவற்றைக் கண்டுபிடித்தது அங்கே தங்கியிருந்த பெண்கள்தான். அதனால் அறைக்குள் போனதும் குளியலறை, ஹேங்கர், பிளக் பாயின்ட், பல்பு இவற்றை ஒரு முறை உற்றுப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

போனில் கேட்க ஐந்து கேள்விகள்

ஆப்பில் இருக்கும் போட்டோவை மட்டும் நம்பாமல், பணம் கட்டும் முன் விடுதிக்கே ஒரு போன் போடலாம்.

1. இரவு எத்தனை மணிக்கு கேட் பூட்டுவீர்கள்? காலை 6 மணிக்குக் கிளம்ப முடியுமா?

2. ‘24 மணி நேரம்’ என்பது வந்த நேரத்திலிருந்தா, பகல் 12 மணிக்கு எல்லோரையும் காலி செய்யச் சொல்வீர்களா?

3. பையை வைத்துப் பூட்ட லாக்கர் உண்டா? பூட்டு நாம் கொண்டுவர வேண்டுமா?

4. ஒரு பாத்ரூமுக்கு எத்தனை பேர்? காலையில் தண்ணீர் வருமா?

5. வரி, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? வரமுடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

பதில் சொல்கிற தோரணையே அந்த இடத்தைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். பொறுமையாகப் பதில் சொல்கிற விடுதி, ராத்திரி ஒரு பிரச்னை என்றாலும் கதவைத் திறக்கும்.

காசு அனுப்பும் முன்

பள்ளிப்பட்டிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகிறவர்கள் அதிகம். திருமலையில் அறை வாங்கித் தருவதாகச் சொல்லும் போலி இணையதளங்களில் பணத்தை இழந்தவர்களும் உண்டு. தேவஸ்தானத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடியும். அப்படி முடியாத தளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். அறை கிடைக்காவிட்டாலும், திருமலையில் யாத்ரீகர்கள் இலவசமாகத் தங்கும் பொதுக்கூடங்களும், பை வைக்க லாக்கர்களும் இருக்கின்றன.

இந்த எச்சரிக்கை சென்னைக்கும் பொருந்தும். ‘இன்னும் ஒரே ஒரு பெட்தான் இருக்கு, உடனே ஜிபே பண்ணுங்க’ என்று அவசரப்படுத்துகிற நம்பரைத் தவிர்ப்பது நல்லது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கும் வாய்ப்பு அதிகம். விடுதியில் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் கொடுப்பதாக இருந்தால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ நகலை ஆதார் தளத்திலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் நாளில் விடுதியின் பெயர், முகவரி, போன் நம்பரை ஒரு தாளில் எழுதி வீட்டிலும் ஒரு பிரதி வைக்க வேண்டும். செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும். இருட்டுவதற்கு முன்பே போய்ச் சேர்வது போல் ரயிலைப் பிடித்தால், இடம் பிடிக்கவில்லை என்றாலும் வேறு இடம் தேட வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

இதெல்லாம் முதல் தடவைதான் மலைப்பாக இருக்கும். ஒரு முறை தனியாகப் போய்த் தங்கி, தேர்வு எழுதிவிட்டுத் திரும்பிய பெண்ணுக்கு அடுத்த முறை கோயம்புத்தூரும் தூரமில்லை, டெல்லியும் தூரமில்லை. இனி ஹால் டிக்கெட் வீட்டுக்கு வரும்போது, ‘அங்கே நமக்கு யாரு இருக்கா?’ என்பதற்குப் பதிலாக ‘சென்டர் எந்த ஏரியா?’ என்று அப்பாக்கள் கேட்கட்டும். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.