குமரித்துறையில் ஓய்வு

ஓய்வு நாடி ஊர்விட்டு ஊர் செல்லும் வழக்கம் இற்றை நாளில் உலகெங்கும் பெருகியுள்ளது. பனி மூடிய ஆல்ப்சு மலைச் சாரலுக்கும், பவழத் தீவுகளாகிய மாலத்தீவுக்கும், நீரினிடையே நிற்கும் வெனிசு நகருக்கும் ஆண்டுதோறும் மக்கள் திரள்திரளாகச் செல்கின்றனர். நம் நாட்டில் அங்ஙனம் மக்கள் நாடும் இடங்களுள் கன்னியாகுமரி ஒன்று. நள்ளிரவில் பேருந்தில் வந்து இறங்குவோர் விடியுமுன் கடற்கரைக்கு விரைவர். ஞாயிறு எழும் வேளையில் கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பர். படகுத்துறையில் நெடுவரிசையில் நிற்பர். பாறைக்குச் சென்று மீள்வர். சங்கும் பாசிமணியும் விலை பேசுவர். நண்பகலுக்குள் வேறோர் ஊர் நோக்கிப் புறப்படுவர். வந்தபோது இருந்த களைப்பினும் போகும்போது மிகுந்த களைப்புடையராய்ச் செல்லும் இவர்கள் ஓய்வு பெற்றனர் என்று எங்ஙனம் கூறுவது?

குமரிக்கு வருதல் புதிய வழக்கமன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல் இத்துறையைக் குறிப்பிடுகின்றது. எஞ்சிய வாழ்நாளைத் தூய நெறியில் கழிக்க விரும்பும் ஆடவரும் பெண்டிரும் இங்கு வந்து நீராடித் தங்குவர் என்றும், முன்னொரு காலத்தில் பெண்தெய்வம் ஒன்று இங்குத் தங்கி நீராடியதாகக் கூறுவர் என்றும் அந்நூலாசிரியர் எழுதிவைத்தார். சிலப்பதிகாரத்தில் மாடலன் என்னும் மறையோன் குமரித்துறையில் நீராடி மீளும் வழியில் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் காண்கின்றான். மணிமேகலையிலோ, வாரணாசியைச் சார்ந்த சாலி என்பாள் தன் பிழை தீரக் குமரியாட வருகின்றாள். வரும் வழியிலேயே ஆபுத்திரனை ஈன்று ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கின்றாள். வடக்கே காசியும் தெற்கே குமரியும் ஒரு நெடுவழியின் இரு முனைகளாக விளங்கிய காலம் அது. ஒன்றினின்று மற்றொன்றைக் கால்நடையாய் அடையப் பல திங்கள் ஆகும். அத்துணை நாள் நடந்து வந்தவன் ஒரு முழுக்கிட்டு அன்றே திரும்பியிருப்பானா? வழியில் கண்ட ஊர்களும், தங்கிய சாவடிகளும், உண்ட புதுச் சோறும், கேட்ட புதுமொழியும் எல்லாம் சேர்ந்ததே அவன் யாத்திரை. நீராட்டு அதன் முடிவு, அவ்வளவே.

1892ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் விவேகானந்தர் இங்கு வந்தார். கரைக்கு அப்பாலுள்ள பாறைக்கு நீந்திச் சென்று மூன்று நாள் அங்கு அமர்ந்து சிந்தித்தார் என்பர். மறு ஆண்டில் அவர் சிகாகோ நகரில் பேசிய பேச்சை உலகம் அறியும். 1970இல் அப்பாறைமீது நினைவு மண்டபம் திறக்கப்பெற்றது. மூன்று நாள் இருந்த இடத்தில் இன்று ஒரு நாழிகை அமைதியாய் இருப்பதற்கும் பலர்க்குப் பொறுமை இல்லை. அடுத்துள்ள பாறையில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று திருவள்ளுவர் சிலை திறக்கப்பெற்றது. கணபதி தபதியார் சமைத்த அச்சிலையின் பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் அத்துணை. பீடத்தின்மேல் நிற்கும் உருவம் 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்த அதிகாரத் தொகை அது. அறத்தின்மேல் மற்றிரண்டும் நிற்க வேண்டும் என்னும் இக்கருத்தைக் கல்லிலே காட்டியது பெரிய செயல். 2024ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாளன்று இரு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் திறக்கப்பெற்றது. கடல் கொந்தளிக்கும் நாள்களில் சிலையருகே படகு அணைய இயலாதிருந்த குறையை அப்பாலம் நீக்கியது. ஆதலின் அது வேண்டுவதே. ஆயினும் பாலத்தைக் காணவே வந்து, சிலையை ஏறிட்டும் பாராமல் மீள்வோரும் உளர்.

ஞாயிற்றின் தோற்றமும் மறைவும் ஓரிடத்தில் நின்று காணலாம் என்பதே குமரிமுனையின் பெரும்புகழ். இப்புகழிலும் ஒரு நுட்பம் உண்டு. ஞாயிறு ஆண்டு முழுவதும் ஒரே திசையில் மறைவதில்லை. கோடையின் நடுவில் அது வடமேற்கே சாய்ந்து மறையும்போது, வளைந்து செல்லும் நிலக்கரை முனையினின்று நோக்குவார்க்குக் குறுக்கே நிற்கும். குளிர்காலத்தில் அது கடலிலேயே மறையும். சித்திரை முழுமதி நாளன்று ஒருபுறம் ஞாயிறு மறைய மறுபுறம் திங்கள் எழுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். முழுமதி நாளில் ஞாயிறு மறையும் வேளையை ஒட்டித் திங்கள் எழுவது எவ்வூரிலும் உள்ள இயல்பே. இரண்டையும் ஓரிடத்தில் நின்று நீர்ப்பரப்பின்மேல் காணும் வாய்ப்பே இம்முனையின் சிறப்பு. இதனை அறிந்து வருபவன் ஒரு நாள் முகில் மறைத்தாலும் வருந்தான். மறுநாளும் தங்கிக் காண்பான். முகில் மறைத்த அன்றே 'பயணம் வீணாயிற்று' என்று பலர் சினந்து செல்கின்றனர். ஞாயிறு அவர்களோடு யாதொரு உடன்படிக்கையும் செய்துகொள்ளவில்லை.

ஓய்வு என்னும் சொல் ஓய்தல் என்னும் வினையினின்று பிறந்தது. ஓடியது நிற்றலும், ஒலித்தது அடங்குதலும் ஓய்தல் ஆகும். மழை ஓய்ந்தது என்கிறோம். அலை ஓய்ந்தது என்கிறோம். விடுமுறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் திருநாள் என்னும் பொருளே உடையது. கடல்கடந்த இடங்களை ஓய்விடம் ஆக்கும் முறை பிற்காலத்தது. தமிழ்நாட்டில் உதகையையும் கொடைக்கானலையும் 19ஆம் நூற்றாண்டில் கோடையின் வெம்மைக்கு அஞ்சிய மேலைநாட்டார் தம் உறைவிடங்கள் ஆக்கினர். அவர்கள் அங்குத் திங்கள் கணக்கில் தங்கினர். நாமோ அவர்கள் சென்ற இடத்தை மட்டும் மேற்கொண்டு, அவர்கள் தங்கிய காலத்தை விட்டுவிட்டோம். இதன் விளைவாக அம்மலைகளில் ஊர்திகள் நெருங்கி, வழியும் அடைபட்டது. 2024ஆம் ஆண்டு மே 7 முதல் அவ்விரு மலைகளுக்கும் செல்வோர் முன்பதிவுச் சீட்டுப் பெறவேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி விதி செய்யும் நிலை வந்தது.

இது தமிழ்நாட்டிற்கு மட்டும் உரிய துன்பம் அன்று. பிலிப்பைன்சு நாட்டின் பொராக்கே என்னும் அழகிய தீவில் கழிவுநீர் கடலிற் கலந்து கேடு விளைத்தமையால், 2018ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதி முதல் ஆறு திங்கள் அத்தீவு பயணிகளுக்கு மூடப்பெற்றது. அதே ஆண்டில் தாய்லாந்து நாட்டின் மாயா விரிகுடாவும் பவழப் பாறைகளைக் காக்கும்பொருட்டு மூடப்பெற்று, 2022இல்தான் மீண்டும் திறந்தது. வெனிசு நகரம் 2024இல் ஒரு பகல் மட்டும் வந்து போவோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. இரவு தங்குவோர்க்கு அக்கட்டணம் இல்லை. இவ்வேறுபாடு நோக்கத்தக்கது. விரைந்து வந்து விரைந்து போவோராலேயே ஊர் மிகவும் தேய்கின்றது என்று அந்நகரம் கண்டுகொண்டது.

குமரிக்கு வருவோர் இரண்டொரு நாள் தங்கின் யாது காண்பர்? குமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்த சிறு நிலப்பரப்பு. சிறிதாயினும் மலையும் காடும் வயலும் கடலும் ஒருங்கே அமைந்தது. குறிஞ்சி முதலிய நால்வகை நிலத்தையும் ஒரே பகலில் கடந்துவிடலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்குப் பெய்யும். ஆதலின் நாஞ்சில் நாட்டு உழவர் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைப்பர். அந்நீரைத் தேக்கிவைக்கும் பேச்சிப்பாறை அணை 1906இல் முற்றுப்பெற்றது. அதனைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்பார் அவ்வணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றுள்ளார்.

அணை நீர் செல்லும் வழியில் மாத்தூர்த் தொட்டிப்பாலம் உள்ளது. 1966இல் கட்டி முடிக்கப்பெற்ற அது 1,200 அடிக்கு மேற்பட்ட நீளமும் 100 அடிக்கு மேற்பட்ட உயரமும் உடையது. இரண்டு குன்றுகளுக்கு இடையே பள்ளத்தில் ஆறு ஓட, அதற்கு மேலே வானில் தொங்குவதுபோல் மற்றொரு நீரோட்டம் செல்கின்றது. கீழே ஓடுவதைப் பறளியாறு என்பர். சங்க நூல்கள் கூறும் பஃறுளியோடு இதனை இணைப்பவரும் உளர். பெயர் ஒப்புமை ஒன்றே அதற்குச் சான்றாகாது. பாலத்தின்மேல் ஒரு முனையினின்று மறுமுனைவரை மெல்ல நடந்து செல்லலாம். அந்நீர் போய்ச் சேரும் வறண்ட மேட்டு நிலத்தில் பயிர் விளைந்த வரலாற்றை அவ்வூர் முதியோர் நடையோடு நடையாகக் கூறுவர். காட்சிக்கென்று கட்டப்பெறாத ஒன்று இத்துணை அழகாய் அமைந்திருப்பது வியப்பே. பயனுக்காக எழுந்த அழகு நெடுநாள் நிலைக்கும் போலும்!

தக்கலைக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனை உள்ளது. திருவிதாங்கூர் அரசர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கிருந்து ஆண்டனர். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அவ்வரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறை பேணி வருகின்றது. எல்லைக்கோடு மாறியும் பேணும் கை மாறாத அரிய காட்சி அது. பளிங்குபோல் ஒளிரும் கருந்தரையும், மரத்தில் இழைத்த மேற்கூரைகளும், காற்று தானே வந்து தழுவும் சாளரங்களும் கண்டு தீரா. வெயில் மிகுந்த நண்பகலில் அங்குள்ள தாழ்வாரத்தில் ஒரு நாழிகை நின்றவன், குளிரூட்டும் பொறியின்றிக் குளிர்ச்சி அமைத்த தச்சரின் அறிவை உணர்வான். வழிகாட்டி ஒருவர் பின்னே ஓடி ஓடி அரை மணியில் முடித்தவனுக்கு அவ்வுணர்ச்சி வாயாது.

சிதறால் மலையிலும் சிலர் ஏறுவர். திருச்சாரணத்துமலை என்று பழங்கல்வெட்டுகள் கூறும் அக்குன்றின் பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாய்ச் செதுக்கப்பெற்றுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சமண முனிவர் தனிமை நாடித் தேர்ந்த இடம் அது. உச்சியில் நின்றால் தென்னந்தோப்புகளும் ரப்பர்த் தோட்டங்களும் தொடுவானம்வரை பரந்து கிடக்கும். தேரூர்க் குளக்கரைக்குச் செல்வோர் இன்னும் சிலரே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் தேரூர். குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கு வந்து தங்கும். சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022இல் உலக மதிப்புடைய ராம்சார் நிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆயிரக்கணக்கான கல் பறந்து வரும் அப்பறவைகள் ஒரே காலையில் திரும்பிவிடுவதில்லை; திங்கள் கணக்கில் தங்கி, உடல் தேறிய பின்னரே மீள்கின்றன.

இங்ஙனம் கூறுவார்க்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. "நாள் முழுதும் உழைப்பவனுக்குக் கிடைப்பது ஒரு நாள் விடுப்பு, விடுதிக்குக் கொடுக்கப் பொருளும் குறைவு, அவன் எங்ஙனம் பல நாள் தங்குவான்?" என்பர். இம்மறுப்பு உண்மையானது, அதனை இகழ்தல் தகாது. பல குடும்பங்கள் ஆண்டெல்லாம் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டே இங்கு வருகின்றன. அத்தகையோர் ஒரு நாளில் ஏழிடம் காண முயலாது, ஓரிடம் காணலாம். கடற்கரை ஒன்றிலேயே காலை முதல் மாலை வரை இருப்பினும் அது குறைவுடைய பயணம் ஆகாது. பள்ளிகள் நடத்தும் கல்விச் சுற்றுலாவும் இவ்வாறே அமைதல் நலம். மூன்று நாளில் பன்னிரண்டு ஊர் காட்டி, பெயர்ப்பலகைகளின் முன் மாணவரை நிறுத்திப் படம் எடுத்து மீள்வதைக் கல்வி என்று கூறுதல் அரிது. படகு செலுத்துவோரும் கடை நடத்துவோரும் வருவோரால் வாழ்கின்றனர் என்பதும் மெய்யே. இரண்டு இரவு தங்குபவனாலும் அவர்கள் வாழ்வர். அவன் ஊரிலேயே உண்பான், ஊராரோடு பேசுவான், வேண்டும் பொருளை நிதானமாய்த் தேர்ந்து வாங்குவான்.

வருவோர் மறக்கும் செய்தி ஒன்று உண்டு. அவர்களுக்கு ஓய்விடமாகத் தோன்றும் கடல், குமரிக்கரை மக்களுக்கு உழைக்கும் நிலம். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல், மணக்குடி முதலிய ஊர்களை அழித்தது. அன்று பாறை மண்டபத்திற்குச் சென்றிருந்த பயணிகள் கரை திரும்ப இயலாது தவித்துப் பின்னர் மீட்கப்பெற்றனர். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்ற இம்மாவட்ட மீனவர் பலர் திரும்பவில்லை. அவர்தம் இல்லங்களுக்கு முன்னுள்ள மணற்பரப்பிலேதான் வெளியூரார் நெகிழிப் புட்டிகளை எறிந்துவிட்டுச் செல்கின்றனர். விருந்தினர் ஒருவர் உழவன் வயலில் அங்ஙனம் எறிவாரா?

கடலுக்கும் ஓய்வுக்காலம் வகுத்துள்ளனர். மீன்கள் பெருகும்பொருட்டு விசைப்படகுகள் ஆண்டுதோறும் 61 நாள் கடலுக்குச் செல்லலாகாது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. மேற்குக் கரைக்கு சூன் 1 முதல் சூலை 31 வரை. இரண்டு விதியும் நடைபெறும் மாவட்டம் குமரி. சின்னமுட்டம் துறையினர் முதல் விதிக்கும், குளச்சல் முதலிய மேற்குத் துறையினர் இரண்டாம் விதிக்கும் உட்பட்டவர். கோடை விடுமுறையில் மாணவர் திரளாய் வரும் நாள்களில் சின்னமுட்டத்தில் படகுகள் வரிசையாய்க் கட்டப்பெற்றிருக்கும். மீனவர் நிழலில் அமர்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பர். அவ்விரு திங்களில் அவர்க்கு வருவாய் மிகக் குறைவு. படகுகள் ஏன் நிற்கின்றன என்று அருகில் சென்று கேட்கும் மாணவர்க்கு, கை வேலையை நிறுத்தாமலே அவர்கள் விடை கூறுவர்.