மலைமேல் ஒரு மாதம் கணக்கு



டவுன் பையனுக்கு மே மாதம் என்றால் லீவு. பழனி மலையில் பிறந்த எங்களுக்கு அது ‘சீசன்’. 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது, ஆனாலும் கொடைக்கானலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுவது, சோளம் சுட்டு விற்பது, லாட்ஜில் ரூம் பையன் வேலை என்று ஏதோ ஒன்று. அந்தக் கூலியில்தான் எங்களில் பலருக்கு அடுத்த வருஷ ஃபீஸும் புத்தகமும். நானும் மூன்று சீசன் பார்த்தவன். அப்படிப்பட்ட நான், டிப்ளமோ மாணவர்களுக்கு இந்த மலையிலேயே ஒரு மாதக் கணக்குப் பயிற்சி முகாம் வேண்டும் என்று எழுத வந்திருக்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், பி.எஸ்ஸி. கணிதம். ஒரு கோடையில் எம்.டி.டி.எஸ். என்ற முகாமுக்குப் போய் வந்தார். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கியது அது. அணுசக்தித் துறையின் கீழ் உள்ள தேசிய உயர் கணித வாரியத்தின் பண உதவியில் வளர்ந்தது. நாலு வாரம். சாப்பாடு, தங்குமிடம் இலவசம். வாத்தியார் தேற்றத்தை போர்டில் எழுதி “எழுதிக்கோ” என்று சொல்வது கிடையாதாம். கேள்வி கேட்பாராம். பதில் வரும்வரை விடமாட்டாராம். தப்பாகச் சொன்னால் திட்டு இல்லை, “ஏன் அப்படி நினைக்கிறே?” என்று இன்னொரு கேள்வி வருமாம். “மொத வாரம் பெட்டியத் தூக்கிட்டு ஓடி வந்துரலாம்னு இருந்துச்சுடா. ரெண்டாவது வாரம் ராத்திரி தூக்கத்துல கூட கணக்குதான்” என்றார் அண்ணன்.

அவர் எனக்குப் போட்ட கணக்கு இது. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்குப் பழைய நடைபாதை உண்டு. ஒருவன் காலை 6 மணிக்குக் கீழே புறப்பட்டு, உட்கார்ந்து, நடந்து, சாயங்காலம் மேலே சேர்கிறான். மறுநாள் காலை 6 மணிக்கு அதே பாதையில் இறங்குகிறான். இரண்டு நாளும் ஒரே கடிகார நேரத்தில் அவன் கடந்த ஓர் இடம் பாதையில் கட்டாயம் இருக்கும். ஏன்?

ஹாஸ்டலில் இதைச் சொன்னேன். “தூரம் எவ்வளவு? வேகம் எவ்வளவு குடுத்திருக்கு?” என்றான் ஒருவன். “எந்த யூனிட்ல வரும்?” என்றான் இன்னொருவன். இதுதான் நம் நிலைமை. ஃபார்முலா, சப்ஸ்டிடியூஷன், ஆன்சர், ரெண்டு கோடு. விடைக்கு ஒரு எண்ணும் வேண்டாம். ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் ஒரே நாளாக நினைத்துப் பாருங்கள். ஒருவன் ஏறுகிறான், ஒருவன் இறங்குகிறான், பாதை ஒன்று. எங்காவது எதிர்ப்பட்டுத்தானே ஆக வேண்டும்? தொடர்ச்சியான சார்புகளைப் பற்றி பி.எஸ்ஸி.யில் படிக்கும் இடைமதிப்புத் தேற்றத்தின் உயிரே இதுதான் என்றார் அண்ணன். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

“டெக்னீஷியனுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. நம்மில் எத்தனை பேர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போக ஆசைப்படுகிறோம்! நேராக இரண்டாம் வருஷம். நமக்குக் கணக்கு பேப்பர் பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கே முதல் வருஷம் நடத்திய கணக்கும் நமக்குக் கிடையாது. போன உடனே ஃபூரியர், லாப்லாஸ் என்று வந்து நிற்கும். போன சீனியர்களிடம் அரியர் எதில் என்று கேளுங்கள், பதில் ஒன்றுதான். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் அரியர் வைத்தால் அப்பா கேட்பது “ஏன் வந்துச்சு?” என்று அல்ல, “நிறுத்திரலாமா?” என்று.

இந்த மலைக்கும் கணக்குக்கும் உறவு புதிதல்ல. 1821-இல் இந்த மலையில் ஏறி அளந்தவர் லெப்டினன்ட் வார்டு என்ற சர்வேயர். சிவில்காரர்களே, நம்ம ஜாதி! 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடுவதை, நிறமாலைக் கோடுகளின் துளி நகர்வை அளந்தே கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. சீசனில் அந்த ரோட்டில் டூரிஸ்ட்டுக்கு வழி சொல்லியிருக்கிறேன், உள்ளே நடந்தது யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அண்ணன் போன முகாம் பட்டப்படிப்பில் கணக்கு எடுத்தவர்களுக்கு. நமக்கு அதில் இடமில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது அவர்களுக்காக ஏற்பட்டது. நமக்கென்று ஒன்று ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. ஒன்று நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ‘இலவசம்’ என்று போட்டால் மட்டும் போதாது. ஒரு மாதம் முகாமுக்கு வந்தால் ஒரு மாதக் கூலி போச்சு. அந்தக் கூலிக்கு ஈடாக உதவித்தொகை கொடுங்கள். முடியாதா, டிசம்பர் லீவில் இரண்டு வாரமாவது வையுங்கள். குளிர் இருக்கும், பரவாயில்லை. பாடம் தமிழிலும் இருக்கட்டும். பெண்களுக்குத் தனி விடுதியும் கூட ஒரு ஆசிரியையும் இருந்தால்தான் வீட்டில் அனுப்புவார்கள், அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நம் மாணவர் மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு மனு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து நீங்கள் போடுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பழனி–கொடைக்கானல் பஸ்ஸில் 50 பேர். பஸ்ஸுக்குள் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் எண்ணினால், குறைந்தது இரண்டு பேருக்கு ஒரே எண்ணிக்கை வரும். (எனக்கு உன்னைத் தெரிந்தால் உனக்கும் என்னைத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஏன் என்று தெரிந்தவர்கள் சாயங்காலம் டீ நேரத்தில் ஹாஸ்டலுக்கு வந்து சொல்லலாம்.